மின்சாரம் கடத்தும் பிளாஸ்டிக்: ஒரு கரித்தூளின் வரலாறு

பிளாஸ்டிக் மின்சாரத்தைக் கடத்தாது. இது எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படித்த பாடம்தான். எலக்ட்ரீஷியன் கையில் இருக்கும் கட்டிங் பிளேயரின் கைப்பிடியில் பிளாஸ்டிக் உறை, ஒயரின் மேல் பிளாஸ்டிக் உறை, சுவிட்ச் போர்டும் பிளாஸ்டிக். ஷாக் அடிக்காமல் இருப்பதற்காகவே பிளாஸ்டிக் என்று ஆகிவிட்டது.

ஆனால் பழைய டிவி ரிமோட் ஒன்றைக் கழற்றிப் பாருங்கள். ரப்பர் பட்டன்களின் அடியில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கறுப்புப் பொட்டு இருக்கும். பட்டனை அமுக்கும்போது அந்தப் பொட்டு கீழே உள்ள சர்க்யூட் போர்டைத் தொட்டு, பிரிந்திருக்கும் இரண்டு கோடுகளை இணைக்கிறது. அதாவது அந்தப் பொட்டின் வழியாக மின்சாரம் ஓடுகிறது. பெரும்பாலான ரிமோட்களில் அந்தப் பொட்டில் உலோகமே கிடையாது. வெறும் சிலிக்கோன் ரப்பரும் கரித்தூளும்தான்!

கடத்தாத ஒரு பொருளைக் கடத்த வைத்தது யார்? ஏன் அப்படிச் செய்ய வேண்டி வந்தது? இதற்குப் பின்னால் வெடித்துச் சிதறிய ஆபரேஷன் தியேட்டர்கள், நிலக்கரிச் சுரங்க முகமூடி, தவறாக அளந்த ஒரு ரசாயனம், ஒரு நோபல் பரிசு எல்லாம் இருக்கின்றன.

முதலில் எல்லோரும் விரும்பியது கடத்தாத பிளாஸ்டிக்கைத்தான்

பெல்ஜியத்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய லியோ பேக்லேண்ட், முழுக்க முழுக்கச் செயற்கையான முதல் பிளாஸ்டிக்கான பேக்கலைட்டை 1907-இல் உருவாக்கினார். அப்போது மின்சாரத் தொழில் வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. சுவிட்ச், பிளக், டெலிபோன் என எல்லாவற்றுக்கும் சூடு தாங்கும், மின்சாரம் கசியாத ஒரு பொருள் தேவைப்பட்டது. பேக்கலைட் அந்த இடத்தைப் பிடித்தது.

அடுத்தது பாலிஎதிலீன், இன்று கடையில் தரும் பைகளின் மூலப்பொருள். 1933-இல் இங்கிலாந்தின் வின்னிங்டனில் ஐ.சி.ஐ. நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் எரிக் ஃபாசெட், ரெஜினால்ட் கிப்சன் என்ற இருவர், மிக அதிக அழுத்தத்தில் எதிலீன் வாயுவை வைத்துச் சோதனை செய்தபோது தற்செயலாகக் கிடைத்த மெழுகு போன்ற பொருள் அது. இரண்டாம் உலகப் போரில் ரேடார் கருவிகளின் கேபிள்களுக்கு இந்தப் பாலிஎதிலீனே காப்பாக இருந்தது.

பாலிஎதிலீன் எவ்வளவு நல்ல காப்புப்பொருள் தெரியுமா? தாமிரத்தின் மின்தடையோடு ஒப்பிட்டால் அதன் மின்தடை, 1-க்குப் பின்னால் 20 சைபருக்கு மேல் போட வேண்டிய அளவுக்கு அதிகம். இயற்கையில் இவ்வளவு பெரிய இடைவெளி வேறு பண்புகளில் பார்ப்பது அரிது.

இந்த நல்ல குணமே பின்னால் ஒரு பிரச்சினையாகவும் ஆனது.

ஆபரேஷன் தியேட்டரில் வெடி

காப்புப்பொருள் மின்சாரத்தைக் கடத்தாது. சரி, அதன் மேலேயே மின்னூட்டம் சேர்ந்தால் என்ன ஆகும்? போக வழியில்லாமல் அங்கேயே தங்கிவிடும். சீப்பால் தலை வாரியபின் அது காகிதத் துணுக்குகளை இழுப்பது இதனால்தான். இதைத்தான் நிலைமின்சாரம் என்கிறோம். அளவுக்கு மீறிச் சேரும்போது அது சின்னப் பொறியாகப் பாயும்.

சீப்பில் வந்தால் அது விளையாட்டு. ஈதர் ஆவி நிறைந்த அறையில் வந்தால் அது மரணம்.

1846-இல் பாஸ்டனில் ஈதர் மயக்க மருந்தாகப் பொதுமக்கள் முன்னிலையில் வெற்றிகரமாகப் பயன்படுத்திக் காட்டப்பட்டது. மருத்துவத்தில் அது பெரும் புரட்சி. ஆனால் ஈதர் எளிதில் தீப்பிடிக்கும். 1930-களில் வந்த சைக்ளோபுரொப்பேன் என்ற மயக்க வாயு இன்னும் ஆபத்தானது. இவற்றோடு ஆக்சிஜனும் கலந்து நோயாளியின் நுரையீரலுக்குள் போகும். அந்தக் கலவையில் ஒரு பொறி விழுந்தால் வெடிப்பது குழாயில் மட்டுமல்ல, நோயாளியின் நெஞ்சுக்குள்ளும்தான். இப்படி உயிரிழந்தவர்கள் உண்டு.

பொறி எங்கிருந்து வந்தது? மயக்க மருந்துக் கருவியின் ரப்பர் குழாய்கள், முகமூடி, மெத்தை, தள்ளுவண்டியின் ரப்பர் சக்கரங்கள், டாக்டர்களின் ரப்பர் காலணிகள் எல்லாமே மின்காப்புப் பொருட்கள். கம்பளி போர்வையை இழுத்தாலே மின்னூட்டம் சேரும். தரைக்கு இறங்க வழி கிடையாது.

இதற்குக் கண்டுபிடித்த தீர்வுகளில் முக்கியமானது, கார்பன் கலந்த கடத்தும் ரப்பர். குழாய், மெத்தை உறை, சக்கரம், காலணி எல்லாம் அந்தக் கறுப்பு ரப்பரில் செய்யப்பட்டன. தரையும் ஓரளவு கடத்தும்படி போடப்பட்டது. பருத்தி உடை கட்டாயமானது. காற்றில் ஈரப்பதம் குறையாமல் பார்த்துக்கொண்டார்கள். பிரிட்டனில் இப்படிப்பட்ட ரப்பர் பொருட்களுக்கு அடையாளமாக மஞ்சள் நிறக் குறி போடப்பட்டது.

இதில் ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். ரப்பர் தாமிரம் போல நன்றாகக் கடத்தக் கூடாது! அப்படிக் கடத்தினால், தியேட்டரில் ஏதாவது கருவியில் கரண்ட் கசிந்தால் நிற்பவருக்கு நேராக ஷாக் அடிக்கும். அதே நேரம் கடத்தாமலும் இருக்கக் கூடாது. சேரும் மின்னூட்டம் மெதுவாகத் தரைக்கு வடிய வேண்டும், ஆனால் வீட்டு மின்சாரம் பாயக் கூடாது. இந்த நடுத்தரமான மின்தடை எந்த உலோகத்திலும் கிடைக்காது, எந்தச் சாதாரண ரப்பரிலும் கிடைக்காது. கலவையில்தான் கிடைக்கும்.

1956-இல் ஹாலோத்தேன் என்ற தீப்பிடிக்காத மயக்க மருந்து புழக்கத்துக்கு வந்தது. அதன்பின் ஈதரும் சைக்ளோபுரொப்பேனும் பெரும்பாலான நாடுகளில் படிப்படியாக மறைந்தன. ஆனால் அதற்குள் கடத்தும் ரப்பர் செய்யும் கலை நன்றாக வளர்ந்துவிட்டது.

அந்தக் கறுப்புத்தூள் என்ன?

அதன் பெயர் கார்பன் பிளாக். எண்ணெயையோ வாயுவையோ போதிய காற்று கொடுக்காமல் எரித்தால் வரும் கரும்புகைதான் அது. விளக்குப் புகையைத் தட்டில் பிடித்துக் கண்மை செய்வார்களே, கிட்டத்தட்ட அதே சங்கதிதான். மை தயாரிக்கவும் வண்ணத்துக்கும் மனிதன் இதைப் பல நூற்றாண்டுகளாகப் பயன்படுத்தி வந்திருக்கிறான்.

1904-இல் லண்டனை அடுத்த சில்வர்டவுனில் இருந்த ஒரு ரப்பர் தொழிற்சாலையில், கார்பன் பிளாக் சேர்த்தால் ரப்பரின் வலிமை பல மடங்கு கூடுகிறது என்று தெரியவந்தது. அதுவரை வந்த டயர்கள் வெளிர்நிறத்தில் இருந்தன. அதற்குப் பிறகு மெல்ல மெல்ல உலகத்து டயரெல்லாம் கறுப்பானது. மின்சாரம் அப்போது யார் நினைப்பிலும் இல்லை. தேய்மானம் குறைய வேண்டும், அவ்வளவுதான். கடத்தும் தன்மை கூடவே வந்த இலவச இணைப்பு.

நுண்ணோக்கியில் பார்த்தால் கார்பன் பிளாக் தனித்தனி உருண்டைகளாக இருக்காது. சில பத்து நானோமீட்டர் அளவுள்ள துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, திராட்சைக் கொத்து போல இருக்கும். (ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.) கொத்து எவ்வளவு கிளை விட்டுப் பரந்திருக்கிறதோ அவ்வளவு குறைந்த தூளிலேயே பிளாஸ்டிக் கடத்த ஆரம்பிக்கும். அசிட்டிலீன் வாயுவிலிருந்து செய்யும் அசிட்டிலீன் பிளாக் இந்த வகையில் பேர்போனது.

வெண்பொங்கலும் மிளகும்

இப்போது முக்கியமான கேள்வி. எவ்வளவு தூள் சேர்த்தால் பிளாஸ்டிக் கடத்தும்?

கொஞ்சம் சேர்த்தால் கொஞ்சம் கடத்தும், நிறையச் சேர்த்தால் நிறையக் கடத்தும் என்றுதான் யாருக்கும் தோன்றும். உண்மை அப்படி இல்லை. ஐந்து சதவீதம் சேர்த்தாலும் ஒன்றும் நடக்காமல் இருக்கலாம். பத்து சதவீதத்திலும் பெரிதாக மாற்றம் இருக்காது. பிறகு ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும், இன்னும் ஒன்றிரண்டு சதவீதம் கூட்டுவதற்குள் மின்தடை லட்சக்கணக்கான மடங்கு சரிந்து விழும். அதற்கு மேல் எவ்வளவு கொட்டினாலும் பெரிய லாபம் இல்லை.

வெண்பொங்கலை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் மிளகு மட்டும் மின்சாரம் கடத்தும், பொங்கல் கடத்தாது என்று வைத்துக்கொள்வோம். பத்து மிளகு போட்டால் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கிடக்கும். இன்னும் போட்டால் அங்கங்கே இரண்டு மூன்று ஒட்டிக்கொள்ளும், ஆனாலும் பாத்திரத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் பாதை இருக்காது. ஒரு கட்டத்தில், கடைசியாகப் போட்ட சில மிளகுகள் சின்னச் சின்னக் கூட்டங்களை எல்லாம் இணைத்து ஒரு முழுப் பாதையை உண்டாக்கிவிடும். அந்த நொடியில் கதவு திறந்தது போல மின்சாரம் பாயும்.

இந்த எல்லைக்கு அறிவியலில் பெர்கொலேஷன் எல்லை என்று பெயர். இதன் கணக்கு பிறந்த கதையும் கரியோடு சேர்ந்ததே. பிரிட்டனில் நிலக்கரிப் பயன்பாட்டு ஆய்வு மையம் ஒன்றில் சைமன் பிராட்பென்ட் என்ற பொறியாளர் 1950-களில் சுரங்கத் தொழிலாளர்களுக்கான வாயு முகமூடிகளைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். முகமூடி வடிகட்டியில் இருக்கும் நுண்துளைகள் கொண்ட கரிக்குள் வாயு எவ்வளவு தூரம் நுழையும்? துளைகள் ஒன்றோடொன்று இணைந்திருந்தால் உள்ளே போகும், இல்லாவிட்டால் மேலேயே நின்றுவிடும். இந்தக் கேள்வியை அவர் ஜான் ஹாமர்ஸ்லி என்ற கணித அறிஞரிடம் எடுத்துச் சென்றார். 1957-இல் இருவரும் சேர்ந்து வெளியிட்ட கட்டுரைதான் பெர்கொலேஷன் கோட்பாட்டின் ஆரம்பம். பிறகு அது காட்டுத்தீ, தொற்றுநோய், எண்ணெய்க் கிணறு எனப் பல துறைகளுக்குப் பரவியது. கடத்தும் பிளாஸ்டிக்கும் அதில் ஒன்று.

1970-இல் ஷெர், சாலன் என்ற இருவர், உருண்டையான துகள்களாக இருந்தால் மொத்தக் கன அளவில் சுமார் 16 சதவீதம் நிரம்பும்போது பாதை உண்டாகும் என்று காட்டினார்கள். ஆனால் துகள் உருண்டையாக இல்லாமல் நீளமாகவோ கிளைவிட்டோ இருந்தால் இதைவிட மிகக் குறைவாகவே போதும். சிதறிக் கிடக்கும் கோலிக்குண்டுகளை விட, சிதறிக் கிடக்கும் தென்னங்குச்சிகள் ஒன்றையொன்று தொடுவது எளிது இல்லையா, அதே காரணம்தான். துகள்கள் முழுசாகத் தொட வேண்டும் என்றுகூட இல்லை. இடைவெளி சில நானோமீட்டர்தான் என்றால் எலக்ட்ரான்கள் தாவிவிடும்.

தொழிற்சாலைகளுக்கு இதில் ஒரு தலைவலியும் உண்டு. பொதுவாக எந்தக் கலவையையும் நன்றாகக் கலக்கினால் நல்லது. இங்கே அளவுக்கு மீறிக் கலக்கினால் கொத்துகள் உடைந்து, சங்கிலி அறுந்து, கடத்தும் திறன் குறைந்துவிடும்! சரியாகக் கலக்காவிட்டாலோ ஒரு பக்கம் கடத்தும், இன்னொரு பக்கம் கடத்தாது. தூள் அதிகமானால் பிளாஸ்டிக் நொறுங்கும், உருக்கினால் கெட்டியாக நின்று அச்சுக்குள் ஓடாது. எல்லைக்குச் சற்று மேலே நிற்பதுதான் இந்தத் தொழிலின் சாமர்த்தியம்.

சூடானால் தானே அணையும் பிளாஸ்டிக்

பாதை உண்டாவது திடீரென்று நடக்கும் என்றால், அறுவதும் திடீரென்றுதானே நடக்க வேண்டும்? இதை வைத்தே ஒரு வியாபாரம் உருவானது.

கார்பன் கலந்த பாலிஎதிலீனைச் சூடாக்கினால், அதன் படிகப் பகுதிகள் உருகும் வெப்பநிலையில் பிளாஸ்டிக் குறிப்பிடத்தக்க அளவு விரிவடையும். துகள்கள் விலகும். பாதை அறும். மின்தடை பல ஆயிரம் மடங்கு ஏறிவிடும். ஆறியதும் பிளாஸ்டிக் சுருங்கி, பாதை மறுபடி சேரும்.

அமெரிக்காவின் ரேகெம் நிறுவனம் 1970-களின் தொடக்கத்தில் இதை வைத்துத் தன்னைத்தானே கட்டுப்படுத்தும் வெப்பக் கேபிளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இரண்டு தாமிரக் கம்பிகள், நடுவில் கறுப்பு பிளாஸ்டிக். குளிர் நாடுகளில் தண்ணீர்க் குழாய் உறையாமல் இருக்க அதன்மேல் இதைச் சுற்றுவார்கள். குளிரான இடத்தில் பிளாஸ்டிக் சுருங்கி அதிகம் சூடாகும். சூடான இடத்தில் தானே கரண்டைக் குறைத்துக்கொள்ளும். தெர்மோஸ்டாட் இல்லாமலே ஒவ்வோர் அங்குலமும் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும்.

அதே நிறுவனம் 1980-களில் கொண்டுவந்த பாலிஸ்விட்ச், தானே சரியாகிவிடும் ஃபியூஸ். கரண்ட் அதிகமானால் சூடேறி வழியை அடைக்கும், பிரச்சினை தீர்ந்து ஆறியதும் திறக்கும். கம்ப்யூட்டர் மதர்போர்டின் யு.எஸ்.பி. இணைப்புகளிலும் பேட்டரிகளிலும் இந்த வகை ஃபியூஸ்கள் சாதாரணமாகிவிட்டன.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு இடம், மண்ணுக்கடியில் போகும் உயர் மின்னழுத்தக் கேபிள். உள்ளே தாமிரமோ அலுமினியமோ முறுக்கிய கம்பி, வெளியே தடித்த பாலிஎதிலீன் காப்பு. கம்பியின் மேற்பரப்பு மேடுபள்ளமாக இருப்பதால் அங்கே மின்புலம் குவியும், இடையில் காற்று இருந்தால் நுண்பொறிகள் தோன்றிக் காப்பை அரிக்கும். இதைத் தடுக்கக் கம்பிக்கும் காப்புக்கும் நடுவே கார்பன் பிளாக் கலந்த மெல்லிய அடுக்கு ஒன்றைப் போடுகிறார்கள். 1960-களிலும் 70-களின் தொடக்கத்திலும் அமெரிக்காவில் புதைத்த கேபிள்கள் பல, எதிர்பார்த்த ஆயுளுக்கு முன்பே பழுதாயின. ஈரமும் மின்புலமும் சேர்ந்து காப்புக்குள் மரக்கிளை போலப் பரவும் நுண்விரிசல்கள் ஒரு காரணம். இந்தக் கறுப்பு அடுக்கைத் துணிப்பட்டையாகச் சுற்றாமல் காப்போடு சேர்த்தே வார்ப்பது, அதில் கலக்கும் கரியைச் சுத்தமாக வைப்பது எனக் கற்ற பாடங்கள் அடுத்த தலைமுறைக் கேபிள்களின் ஆயுளைக் கூட்டின.

சிப்புகளைக் கொன்ற எதிரி

1970-களில் கம்ப்யூட்டர் சிப்புகள் பெருகியபோது ஆபரேஷன் தியேட்டர் பிரச்சினை வேறு வடிவத்தில் திரும்பி வந்தது. வறண்ட காற்றில் கார்ப்பெட்டில் நடந்தாலே மனித உடலில் சில ஆயிரம் வோல்ட் நிலைமின்சாரம் சேரலாம். சுமார் 3000 வோல்ட்டுக்குக் கீழே பொறி பாய்ந்தால் நமக்கு உணர்வே இருக்காது. ஆனால் சில வகைச் சிப்புகளுக்கு 100 வோல்ட்டே போதும், உள்ளே உள்ள மெல்லிய ஆக்சைடு படலம் ஓட்டையாகிவிடும். தொழிலாளி சும்மா தொட்டு வைத்திருப்பார், சிப் செத்திருக்கும், யாருக்கும் காரணம் தெரியாது.

அதனால் சிப்புகளை வைக்கும் தட்டு, பெட்டி, பை, மேஜை விரிப்பு, காலணிப் பட்டை எல்லாம் கார்பன் கலந்த பிளாஸ்டிக்கிற்கு மாறின. இங்கேயும் அதே நடுத்தரம்தான் வேண்டும். இந்தத் துறையின் தரநிலைகளில் 10,000 ஓமுக்குக் கீழே என்றால் அது கடத்தி. 10,000 ஓம் முதல் 10,000 கோடி ஓம் வரை என்றால் மெதுவாக வடிக்கும் வகை. அதற்கு மேல் போனால் காப்பு. மின்னூட்டம் ஏறிய ஒரு சிப்பை உலோகத் தகட்டில் வைத்தால் அதுவே திடீர் பொறிக்குக் காரணமாகலாம். மெதுவாக வடித்தால் சிப் பிழைக்கும்.

பிளாஸ்டிக்கே கடத்தினால்?

இதுவரை பார்த்ததில் கடத்தியது கரிதான். பிளாஸ்டிக் அதைப் பிடித்துக்கொண்டிருந்தது, அவ்வளவே. கரியே இல்லாமல் பிளாஸ்டிக்கைக் கடத்த வைக்க முடியாதா?

இதற்கான முதல் தடயம் 1862-லேயே இருக்கிறது. லண்டன் மருத்துவமனைக் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ஹென்றி லெதபி, நைட்ரோபென்சீன் விஷத்தால் நேர்ந்த மரணங்களை ஆராய்ந்தபோது அனிலீன் என்ற பொருளில் ஆர்வம் கொண்டார். அனிலீனைக் கந்தக அமிலத்தில் கரைத்து மின்சாரம் செலுத்தியபோது மின்முனையில் நீல நிறப் படிவு ஒன்று ஒட்டியது. இன்று பாலிஅனிலீன் என்று நாம் சொல்வது அதைத்தான். ஆனால் பாலிமர் என்றால் என்ன என்றே தெளிவாகத் தெரியாத காலம் அது. அது கடத்துமா என்று பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

1963-இல் ஆஸ்திரேலியாவில் டொனால்ட் வைஸும் அவருடைய சகாக்களும், அயோடின் கலந்த பாலிபைரோல் நன்றாக மின்சாரம் கடத்துகிறது என்று அந்த நாட்டு வேதியியல் இதழில் எழுதினார்கள். அது உலகத்தின் பெரிய கவனத்தைப் பெறவில்லை.

பிறகு வந்தது பிரபலமான அந்தத் தவறு. 1967-இல் டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தில் ஹிடேகி ஷிராகாவாவின் ஆய்வுக்கூடத்தில் கொரியாவிலிருந்து வந்திருந்த ஆய்வாளர் பியுன், அசிட்டிலீனைப் பாலிஅசிட்டிலீனாக மாற்றும் சோதனையைச் செய்தார். வழக்கமாகக் கறுப்புத் தூள் வரும். அன்று வினையூக்கி வேண்டியதைவிட ஆயிரம் மடங்கு அதிகமாகச் சேர்ந்துவிட்டது. கரைசலின் மேலே பளபளவென்று ஒரு படலம் மிதந்தது! தூக்கிக் கொட்டாமல் ஷிராகாவா அதை ஏன், எப்படி என்று ஆராய்ந்து, வேண்டும்போது வெள்ளி நிறத்திலோ தாமிர நிறத்திலோ படலம் செய்யக் கற்றுக்கொண்டார்.

பார்க்க உலோகம் போல இருந்ததே தவிர, அது உலோகம் போலக் கடத்தவில்லை. 1975-இல் டோக்கியோ வந்த அமெரிக்கப் பேராசிரியர் ஆலன் மெக்டியார்மிட் (பிறந்தது நியூசிலாந்தில்) அந்த வெள்ளிப் படலத்தைப் பார்த்துவிட்டு ஷிராகாவாவைப் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்கு அழைத்தார். அங்கே இயற்பியல் பேராசிரியர் ஆலன் ஹீகரும் சேர்ந்துகொண்டார். 1976 நவம்பர் 23-ஆம் தேதி, படலத்தின்மேல் புரோமின் ஆவியைச் செலுத்தியபோது சில நிமிடங்களில் கடத்துதிறன் ஒரு கோடி மடங்கு ஏறியது. முடிவுகள் 1977-இல் வெளியாயின.

என்ன நடந்தது? பாலிஅசிட்டிலீன் சங்கிலியில் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி வரும். ஆனாலும் எலக்ட்ரான்கள் நகர இடமில்லை. எல்லா சீட்டும் நிரம்பிய பஸ்ஸில் யாராலும் இடம் மாற முடியாதது போல. புரோமினோ அயோடினோ சில எலக்ட்ரான்களைப் பிடுங்கிக்கொள்கிறது. அதாவது சிலர் இறங்கிவிட்டார்கள். இப்போது காலி சீட்டுக்குப் பக்கத்து ஆள் நகரலாம், அவர் இடத்துக்கு இன்னொருவர் வரலாம். அந்த நகர்வே மின்சாரம்.

2000-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு ஹீகர், மெக்டியார்மிட், ஷிராகாவா மூவருக்கும் கிடைத்தது. லெதபியும் வைஸும் பியுனும் கதையின் ஓரத்தில் நின்றுவிட்டார்கள். முதலில் பார்த்தவருக்கா, பார்த்ததன் அர்த்தத்தைப் புரிந்துகொண்டவருக்கா பெருமை என்ற கேள்வி அறிவியலில் பழையது. இங்கே மூவரும் வெறுமனே ஒரு பொருளைக் காட்டவில்லை, அது ஏன் கடத்துகிறது என்பதற்கு ஒரு துறையையே உருவாக்கினார்கள் என்பதை மறுக்க முடியாது. ஆனால் அதற்கு முன்னால் யாரும் பார்க்கவில்லை என்று சொல்வது தவறு.

பரிசு வாங்கிய பிளாஸ்டிக் எங்கே போனது?

வேடிக்கை என்னவென்றால், நோபல் பரிசு வாங்கித் தந்த பாலிஅசிட்டிலீனைக் கடையில் வாங்கும் எந்தப் பொருளிலும் பார்ப்பது அரிது. காற்றில் வைத்தால் ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டுவிடும். உருகாது, கரையாது. உருக்கவோ கரைக்கவோ முடியாத பிளாஸ்டிக்கை வைத்து எப்படிப் பொருள் செய்வது?

அதனால் ஆராய்ச்சியாளர்கள் லெதபியின் பழைய பாலிஅனிலீனுக்குத் திரும்பினார்கள். விலை குறைவு, காற்றில் கெடாது. 1992-இல் ஹீகரின் குழு, கற்பூரத்திலிருந்து கிடைக்கும் ஒரு சல்ஃபோனிக் அமிலத்தைச் சேர்த்தால் அது கடத்தும் நிலையிலேயே கரைகிறது என்று காட்டியது. சாதாரண பிளாஸ்டிக்கோடு அதைக் கலந்தபோது, ஒரு சதவீத அளவிலேயே உள்ளே வலைப்பின்னல் உண்டாகி மின்சாரம் கடத்தியது. அதாவது கார்பன் பிளாக் இருந்த இடத்தில் இப்போது ஒரு பாலிமரே நிரப்பியாக அமர்ந்தது. ஜெர்மனியில் பெர்ன்ஹார்ட் வெஸ்லிங் பாலிஅனிலீனை நுண்துகள்களாகப் பிற பிளாஸ்டிக்குகளில் சிதறடிக்கும் வழியைப் பல ஆண்டுகள் வளர்த்தார். கறுப்பு அல்லாத நிறத்தில் கடத்தும் பிளாஸ்டிக் வேண்டுவோருக்கு இது நம்பிக்கை தந்தது. ஆனால் அதிகச் சூட்டில் வார்க்கும்போதும் காரப் பொருள் பட்டாலும் பாலிஅனிலீன் தன் கடத்தும் தன்மையை இழந்துவிடும். கரித்தூளுக்கு அந்தக் கவலைகள் கிடையாது. எனவே பெரிய சந்தை கரியிடமே நின்றது.

உண்மையில் ஜெயித்த கடத்தும் பாலிமர் வேறொன்று. ஜெர்மனியின் பாயர் நிறுவனத்தில் 1980-களின் பிற்பகுதியில் உருவான பெடாட். அதோடு இன்னொரு பாலிமரைச் சேர்த்தால் தண்ணீரில் மைபோலக் கலந்து நிற்கும், பூசினால் கிட்டத்தட்ட ஒளி ஊடுருவும் படலமாகும். அதற்கு முதல் பெரிய வேலை கொடுத்தது ஆக்ஃபாவின் புகைப்பட ஃபிலிம். தொழிற்சாலையில் ஃபிலிம் வேகமாகச் சுருளும்போது நிலைமின்சாரப் பொறி பறந்தால், அந்த வெளிச்சமே ஃபிலிமில் மின்னல் கிளைபோலப் பதிந்துவிடும். முன்பு பூசிய உப்பு வகைப் பூச்சுகள் காற்றில் ஈரம் இருந்தால்தான் வேலை செய்யும். பெடாட் வறண்ட காற்றிலும் வேலை செய்தது. டிஜிட்டல் கேமரா வந்து ஃபிலிம் தொழில் சரிந்தாலும் பெடாட் சரியவில்லை. மின்தேக்கிகளிலும் ஓ.எல்.இ.டி. திரை ஆராய்ச்சியிலும் வேறு வேலைகளைத் தேடிக்கொண்டது.

தூள் குச்சியாகிறது, குச்சி தாளாகிறது

கரி சும்மா இருக்கவில்லை. அமெரிக்காவின் ஹைபீரியன் நிறுவனம் 1980-களிலேயே மிக மெல்லிய கார்பன் இழைகளுக்குக் காப்புரிமை வாங்கியது. 1991-இல் ஜப்பானின் என்.இ.சி. ஆய்வுக்கூடத்தில் சுமியோ இஜிமா கார்பன் நானோகுழாய்களின் அமைப்பைத் தெளிவாக விளக்கிய பிறகு உலகமே அவற்றின் பின்னால் ஓடியது. தென்னங்குச்சி உதாரணம் நினைவிருக்கிறதா? நீளமான துகள் என்பதால் சில சதவீதமே போதும். 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், எப்பாக்சி பிசினில் எடையில் வெறும் 0.0025 சதவீத நானோகுழாயிலேயே கடத்தும் பாதை உண்டானது.

இவை காரில்தான் முதலில் வேலைக்குச் சேர்ந்தன. பிளாஸ்டிக் குழாயில் பெட்ரோல் ஓடும்போது உரசலால் மின்னூட்டம் சேரும். எங்கே பொறி வரக் கூடாதோ அங்கேயே பொறி வரும் அபாயம். 1990-களில் நைலான் எரிபொருள் குழாய்களில் இந்த இழைகள் கலக்கப்பட்டன. தூள் குறைவு என்பதால் குழாய் நொறுங்காமல் வளைந்து கொடுத்தது.

2004-இல் மான்செஸ்டரில் ஆந்த்ரே கெய்மும் கான்ஸ்டான்டின் நோவசெலோவும் ஓர் அணு தடிமனுள்ள கிராஃபீனைப் பிரித்தெடுத்தார்கள். 2006-இல் ராட் ரூஃபின் குழு, பாலிஸ்டைரீனில் கன அளவில் 0.1 சதவீத கிராஃபீனிலேயே கடத்தும் எல்லையைத் தொட்டது.

எல்லாம் நல்ல செய்தி இல்லை. 2008-இல் வெளியான ஓர் ஆய்வில், நீளமான நானோகுழாய்கள் எலிகளின் உடலுக்குள் ஆஸ்பெஸ்டாஸ் இழைகளைப் போன்ற அழற்சியை உண்டாக்கின. பிளாஸ்டிக்கிற்குள் புதைந்திருக்கும்வரை ஆபத்து குறைவு. தூளாகக் கையாளும் தொழிலாளிக்குத்தான் கவலை. கார்பன் பிளாக்கையும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்ற சந்தேகப் பட்டியலில் வைத்திருக்கிறது. உயிரைக் காக்க ஆபரேஷன் தியேட்டருக்குள் வந்த பொருள், அதைத் தயாரிப்பவரின் நுரையீரலையும் யோசிக்க வைக்கிறது.

கரியை எடுத்தபோதுதான் கரியின் அருமை தெரிந்தது

1990-களில் எரிபொருளைச் சேமிக்க டயர் கம்பெனிகள் கார்பன் பிளாக்கின் பெரும்பகுதியை எடுத்துவிட்டு சிலிக்கா சேர்த்தன. மிஷெலின் 1992-இல் இதைத் தொடங்கியது. சிலிக்கா மின்காப்பு. அதுவரை யாரும் கேட்காமலே காரின் மின்னூட்டத்தைத் தரைக்கு வடித்துக்கொண்டிருந்த டயர், அந்த வேலையை நிறுத்திவிட்டது. இறங்கும்போது ஷாக், ரேடியோவில் இரைச்சல், பெட்ரோல் போடும் இடத்தில் பொறி பற்றிய பயம். கடைசியில் டயரின் நடுவே கார்பன் கலந்த கறுப்பு ரப்பரில் ஒரு மெல்லிய பட்டையைச் செருக வேண்டி வந்தது. எண்பது வருடங்களுக்கு மேலாக இலவசமாகக் கிடைத்த ஒன்றைத் தனியாகப் பணம் கொடுத்துச் சேர்த்தார்கள்!

இன்றைக்கு செல்போனிலும் மின்சாரக் காரிலும் இருக்கும் லித்தியம் அயான் பேட்டரியின் மின்முனையை எடுத்துக்கொண்டாலும் விஷயம் இதுதான். லித்தியம் சேர்ந்த ஆக்சைடு தூள் தானாகச் சரியாகக் கடத்தாது. அதோடு கொஞ்சம் கார்பன் பிளாக்கையும் ஒட்டுவதற்கு ஒரு பிளாஸ்டிக்கையும் கலந்து உலோகத் தகட்டில் பூசுகிறார்கள். கரித்துகள்கள் ஒன்றையொன்று தொட்டுப் பாதை போட்டால்தான் பேட்டரி வேலை செய்யும். கரி குறைந்தால் பாதை இல்லை, கூடினால் மின்சாரம் சேமிக்கும் பொருளுக்கு இடம் இல்லை. பிராட்பென்ட்டின் முகமூடிக் கேள்வியை பேட்டரிப் பொறியாளர்கள் இன்றும் வேறு வார்த்தைகளில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

நோபல் பரிசு பெற்ற பாலிமர்கள் ஒரு பக்கம், விளக்குப் புகையின் வாரிசான கரித்தூள் மறுபக்கம். இரண்டில் எது பெரியது என்று கேட்டால், ஒன்று பிளாஸ்டிக் என்பதைப் பற்றிய நம் எண்ணத்தை மாற்றியது, இன்னொன்று பெரும்பாலான வேலையைச் செய்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். அடுத்த முறை ஏதாவது எலக்ட்ரானிக் சாமான் கறுப்புத் தட்டில் வந்தால், அதை ஏன் கறுப்பாகச் செய்தார்கள் என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுப் பாருங்கள். அழுக்கு தெரியாமல் இருக்க என்பார்கள். காரணம் அதுவல்ல என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.